பொட்டலம் வாங்க ஒழுக்கச் சான்று கேட்கலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வியாசர்பாடியில் எங்கள் தெருவின் நலச் சங்கத்துக்குத் தலைவராக இருக்கிறேன். 2020 ஊரடங்கின்போது அரிசி, பருப்பு திரட்டிக் கொடுப்பதற்காகத் தொடங்கிய சங்கம் இது. அப்போதே சிலர் இரண்டு முறை வாங்கினார்கள். வாங்கியதை விற்றுக் குடித்தவர்களும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில், வந்த பாய்களில் இருபதை எங்கள் செயற்குழு உறுப்பினர் ஒருவரே தன் வீட்டில் பதுக்கிவிட்டார். தேர்தல் வந்தால் இதே ஜனங்கள் ஓட்டுக்குப் பணம் வாங்குகிறார்கள். நாட்டுக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் ஆட்சி தடுமாறுவதற்கு மக்களின் ஒழுக்கக்கேடுதான் வேர் என்று நினைக்கிறேன். மனிதன் திருந்தாமல் அரசியல் திருந்தாது. ஆகவே, "குடிக்க மாட்டோம், ஓட்டுக்குப் பணம் வாங்க மாட்டோம்" என்று எழுதிக் கையெழுத்திடும் குடும்பங்களுக்கு மட்டுமே இனி சங்கத்தின் உதவி என்று தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். சட்டம் படிக்கும் என் மகள் இது அநியாயம் என்கிறாள். இதனால் வீட்டில் இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. நான் செய்வது தவறா?

— ஒரு சங்கத் தலைவர், வியாசர்பாடி

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இருபது பாய்களிடம் வந்து நின்றுவிட்டேன். பதுக்கியவர் செயற்குழு உறுப்பினர். ஆனால் நீங்கள் கொண்டுவர இருக்கும் தீர்மானத்தில் செயற்குழுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வரிசையில் நிற்பவர்கள் கையெழுத்திட வேண்டும். நிவாரணப் பொருள் வைக்கும் அறையின் சாவியை வைத்திருப்பவர்கள் எதிலும் கையெழுத்திட வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு இதுதான் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன்: இந்த வடிவத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவராதீர்கள். அதற்காக, "அறத்துக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை, சட்டம் இருந்தால் போதும்" என்ற கட்சியில் நான் இல்லை. அரசியல் அறிவியலை முப்பது ஆண்டுகள் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அறம் இல்லாத அரசு நெருக்கடி வந்ததும் சரிந்துவிடும் என்று நீங்கள் நம்புவது சரியானது. யாரிடம் முதலில் அறத்தைக் கேட்பது என்பதில்தான் நீங்கள் வழி தவறிவிட்டீர்கள்.

உங்களைப் போலவே, மிகப் பெரிய அளவில், நினைத்த ஓர் ஆட்சியாளர் இருந்தார். சீனாவின் சியாங் கை-ஷேக். 1931-இல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்துக்கொண்டது. உள்ளே கம்யூனிஸ்டுகளோடு போர் நடந்துகொண்டிருந்தது. நாடு உடையும் நிலையில் இருந்தபோது, 1934 பிப்ரவரி 19-ஆம் தேதி, நான்சாங் நகரத்தில் அவர் 'புதிய வாழ்வு இயக்கம்' என்ற ஒன்றைத் தொடங்கினார். மக்களின் நடத்தை சீர்கெட்டதால்தான் தேசம் பலவீனமாகிவிட்டது என்பது அவருடைய கணிப்பு. மரியாதை, நேர்மை, கை சுத்தம், வெட்க உணர்வு என்று பொருள்படும் நான்கு பழைய நற்குணங்களை எடுத்து, அன்றாட விதிகளாக இறக்கினார். தெருவில் துப்பாதே, சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடு, நேரம் தவறாதே என்று நடத்தை விதிகள் நீண்டன. போலீசாரும் சாரணர்களும் தெருவில் நின்று சரி பார்த்தார்கள்.

துப்பக் கூடாது என்பது நல்ல விதிதான். வியாசர்பாடியிலும் அது தேவை. ஆனால் அதே காலத்தில் சீனக் குடியானவன் பல இடங்களில் விளைச்சலில் பாதியைக் குத்தகையாக நிலக்காரருக்கு அளந்துகொண்டிருந்தான். அதிகாரிகள் கையூட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இயக்கம் குடியானவனின் பொத்தானைப் பார்த்தது, அதிகாரியின் பையைப் பார்க்கவில்லை. 1937-இல் முழுப் போர் வந்தது. போருக்குப் பிறகு பணத்தின் மதிப்பு காகித மதிப்புக்கும் கீழே விழுந்தது. 1949-இல் அந்த அரசு தைவான் தீவுக்கு ஓடிப்போனது. அந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் பசியோடு இருந்தவனுக்கு ஒழுக்கம் கற்பித்த இயக்கத்தால் அதைத் தடுக்க முடியவில்லை.

அந்த நாட்டின் பழைய ஞானி கன்ஃபூசியஸ் இதை வேறு விதமாகச் சொல்லியிருந்தார் என்பதுதான் வருத்தம். ஆள்பவனின் குணம் காற்று, மக்களின் குணம் புல். காற்று வீசும் பக்கம் புல் சாயும் என்பது அவர் கருத்து. சியாங் கை-ஷேக் புல்லை நிமிர்த்த ஆள் அனுப்பினார்.

நம் நாட்டிலும் பார்த்திருக்கிறோம். 1975 ஜூன் 25 இரவு அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 21 மாதங்கள் நீடித்தது. 'ஒழுங்கு', 'கட்டுப்பாடு', 'குறைவாகப் பேசு, அதிகமாக உழை' என்ற அறிவுரைகளை அன்று நீங்களும் சுவர்களில் படித்திருப்பீர்கள். ரயில் நேரத்துக்கு வருகிறது என்று பாராட்டியவர்களை எனக்குத் தெரியும். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். ஒழுங்கைக் கேட்டவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்க வெளியே ஆள் இல்லை.

இதையெல்லாம் மேடையில் நின்று சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். உங்கள் தீர்மானத்தை நானே ஒருமுறை நிறைவேற்றியிருக்கிறேன். 2005-ஆம் ஆண்டு மழையின்போது, மாணவர்களோடு சேர்ந்து, உங்கள் பகுதிக்கு அருகில் நிவாரணப் பொட்டலம் கொடுத்தோம். பொட்டலம் குறைவு, ஆட்கள் அதிகம். 'தகுதியானவர்கள்' பட்டியலை நான் எழுதினேன். தினமும் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடக்கும் ஒருவருடைய வீட்டை, கொடுத்தாலும் விற்றுவிடுவார் என்று அடித்துவிட்டேன். அந்த வீட்டுப் பெண்பிள்ளை எட்டாம் வகுப்பு. எங்களிடம் மாலை நேரத்தில் படிக்க வந்துகொண்டிருந்தவள். வரிசையில் நின்று, பெயர் இல்லை என்றதும் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அதன் பிறகு அவள் படிக்க வரவில்லை. தண்டித்தது குடிகாரனை என்று நினைத்தேன். அவர் அன்றும் குடித்தார். பட்டினி கிடந்தது அந்தப் பிள்ளையும் அவள் அம்மாவும். இருபது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பட்டியலின் கையெழுத்து என்னுடையது என்பது மறக்கவில்லை.

உங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் சிறிது நேரத்தில் ஏழுகிணறு போய்விடலாம். வீராசாமி தெருவில் வள்ளலார் பல ஆண்டுகள் வாழ்ந்த வீடு இருக்கிறது. ஒழுக்கத்தில் அவரைவிடக் கண்டிப்பானவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். உயிர்க்கொலையும் புலால் உண்பதும் உடையவர்களைத் தன் அக இனத்தாராக அவர் ஏற்கவே இல்லை. ஆனால் அவர்களுக்கும் பசி வந்தால் பசியைத் தவிர்க்க வேண்டும் என்று அதே மூச்சில் சொன்னார். 1867-இல் வடலூரில் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. உறவுக்கு ஒழுக்கத்தைக் கேட்ட மனிதர், சோற்றுக்கு அதைக் கேட்கவில்லை. உங்கள் சங்கத்தின் உறுப்பினர் விதியையும் உதவி விதியையும் நீங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள் ஐயா. அவர் அவற்றைப் பிரித்து வைத்தார்.

2023 வெள்ளத்துக்குப் பிறகு அரசு ரேஷன் கடைகள் வழியாக 6,000 ரூபாய் கொடுத்தது. குடிப்பவரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தெருச் சங்கம் அதைவிடக் கடுமையாக இருக்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் ஒழுக்க முயற்சி எதற்கும் உதவாதா? உதவும். அதற்குச் சாட்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் பெரம்பூரில் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற ஒரு சபை இருந்தது. செல்வபதி செட்டியார், ராமாநுஜலு நாயுடு ஆகிய இருவரும் அதை நடத்தினார்கள். பக்கிங்காம், கர்நாடிக் என்ற துணி ஆலைகளின் தொழிலாளர்கள் அங்கே வந்து சமயச் சொற்பொழிவு கேட்டார்கள். நல்லொழுக்கம் பேசுவதற்கென்றே தொடங்கிய இடம். ஆனால் சொற்பொழிவு முடிந்ததும் தொழிலாளர்கள் கலையவில்லை. ஆலையில் அடிக்கிறார்கள் என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரத்தில் சோற்றை வாயில் போட்டுக்கொண்டு திரும்ப ஓட வேண்டியிருக்கிறது என்றார்கள். சபையை நடத்தியவர்கள் அப்போது, "முதலில் நீங்கள் பக்தியில் முதிருங்கள்" என்று அனுப்பிவிட்டிருக்கலாம். அவர்கள் காது கொடுத்தார்கள். பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி. பி. வாடியாவையும் தமிழறிஞர் திரு. வி. க.வையும் அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைப் பலரும் குறிப்பிடுகிறார்கள். அது எழுப்பிய முதல் கோரிக்கைகளில் ஒன்று, சாப்பாட்டு நேரத்தை 30 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாக்க வேண்டும் என்பது. பத்து நிமிடம்! ஒரு மனிதன் உட்கார்ந்து உண்பதற்கான பத்து நிமிடத்தில்தான் அந்தச் சபையின் அறம் அரசியலானது.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கும் மகிழ்ச்சி. 1921-இல் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் அதில் சேரவில்லை. தங்கள் வறுமையில் தங்களோடு நிற்காதவர்கள் இப்போது ஒற்றுமை கேட்கிறார்களே என்ற மனக்குறை அவர்களுக்கு இருந்திருந்தால் அதில் வியப்பில்லை. பேசித் தீர்க்க வேண்டியது கலவரமானது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சில மாதங்களில் வேலைநிறுத்தம் தோற்றது. ஆலை நிர்வாகத்திடம் நியாயம் கேட்கத் தெரிந்த சங்கத்துக்கு, தனக்குள் இருந்த சாதியிடம் நியாயம் கேட்கத் தெரியவில்லை. என் மாணவர்களை அந்தத் தெருக்களில் நடத்திக்கொண்டே இதைச் சொல்லியிருக்கிறேன். பாடப் புத்தகத்தைவிட அவர்களுக்கு அது பதிந்தது.

உங்கள் கேள்வியின் மையத்தைத் தொட்டவர் என்று நான் கருதுவது அம்பேத்கரை. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் முடிந்த பிறகு, தீண்டாமையை ஒழிக்க ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் செயலாளர் தக்கருக்கு, நவம்பரில், லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போகும் கப்பலிலிருந்து அவர் ஒரு கடிதம் எழுதினார். தாழ்த்தப்பட்டவர்களை உயர்த்துவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன என்றார். ஒருவனின் துன்பத்துக்கு அவன் நடத்தையே காரணம் என்று நினைப்பவர்கள் மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம் என்று தனி மனிதனைத் திருத்தப் பார்ப்பார்கள். சுற்றுச்சூழலே காரணம் என்று நினைப்பவர்கள், கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை, பள்ளியில் சேரும் உரிமை ஆகியவற்றுக்காக முழு ஊரோடும் மல்லுக்கு நிற்பார்கள். அமைப்பு தன் சக்தியை இரண்டாவது வழியில் செலவிட வேண்டும் என்று அவர் வேண்டினார். அந்த யோசனை ஏற்கப்படவில்லை.

அதே அம்பேத்கர் 1949 நவம்பர் 25-ஆம் தேதி, அரசியல் நிர்ணய சபையில், அரசியலமைப்புச் சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை நடத்துபவர்கள் கெட்டவர்களாக இருந்தால் அதுவும் கெட்டதாகிவிடும் என்றார். பார்த்தீர்களா, ஒழுக்கம் வேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. நடத்துபவர்களின் ஒழுக்கத்தைத்தான் அவர் கேட்டார். அதற்கும் ஓராண்டு முன்னதாக, அரசியலமைப்பு ஒழுக்கம் என்பது இயற்கையாக வரும் உணர்வு அன்று, பயிரிட்டு வளர்க்க வேண்டியது என்று சொல்லியிருந்தார். தனக்குப் பிடிக்காத முடிவையும் விதிப்படி எடுக்கப்பட்டதால் ஏற்பது, தன் ஆளாக இருந்தாலும் கணக்குக் கேட்பது ஆகியவை அந்தப் பயிரில் அடக்கம். உங்கள் சங்கத்தில் அது முளைத்திருந்தால் பாய் பதுக்கியவரைப் பற்றி அடுத்த கூட்டத்திலேயே பேசியிருப்பீர்கள். பேசினீர்களா? கடிதத்தில் அது இல்லை.

ஓட்டுக்குப் பணம் என்ற புண்ணுக்கு வருகிறேன். உங்கள் வேதனை நியாயமானது. உங்களுக்குப் பக்கத்துத் தொகுதியான ராதாகிருஷ்ணன் நகரில், 2017 ஏப்ரல் 12-ஆம் தேதி நடக்கவேண்டிய இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் மூன்று நாள் முன்னதாக ரத்து செய்தது. டிசம்பர் 21-இல்தான் வாக்குப்பதிவு நடந்தது. வட சென்னை தலை குனிய வேண்டிய நாள் அது. ஆனால் குனிந்த தலைகள் யாருடையவை? வாங்கியவர் பெயர் தெரு முழுக்கத் தெரிகிறது. மூட்டையில் கொண்டுவந்தவர் பெயர் கடைசிவரை தெரிவதில்லை. சட்டத்தில் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டும் குற்றம், ஓராண்டுவரை சிறைத் தண்டனைக்கு உரியது. நம் பேச்சில் வாங்குவது மட்டும் குற்றம்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் ஓட்டு வெளிப்படையாக விலைபோனது. 1872-இல் ரகசிய வாக்குமுறை வந்தது. அதுமட்டும் போதவில்லை. 1883-இல் இன்னொரு சட்டம், வேட்பாளர் செலவழிக்கக்கூடிய தொகைக்கு வரம்பு போட்டது. அவருடைய முகவர் செய்த முறைகேட்டுக்கும் வேட்பாளரின் பதவி போகும் என்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஓட்டு விற்பனை வெகுவாகக் குறைந்தது. அந்த மக்கள் திடீரென்று உத்தமர்களாகிவிடவில்லை. கொடுப்பவனுக்கு நட்டம் என்றானபோது கொடுப்பது குறைந்தது, வாங்குவதற்கும் ஒன்றும் இல்லாமல் போனது. சட்டப் புத்தகத்தில் நம்மிடமும் இவை எல்லாம் இருக்கின்றன. அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்கும் குரல்தான் தெருவிலிருந்து எழ வேண்டும்.

உறுதிமொழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதவியோடு அதைக் கட்டாதீர்கள். அரிசிக்காகப் போடும் கையெழுத்து அரிசி தீர்ந்ததும் தீர்ந்துவிடும். அதைவிடக் கேடு, பொய்க் கையெழுத்து போட்ட தாய்க்குத் தன் பிள்ளைகள் முன்னால் ஏற்படும் சிறுமை. விருப்பமுள்ள வீடுகள் தாங்களாக ஒன்று சேர்ந்து, எங்கள் தெருவுக்குள் பணத்தோடு யாரும் வர வேண்டாம் என்று தேர்தலுக்கு முன் எழுதி வைக்கட்டும். தனியாக ஒரு பெண் மறுத்தால் மிரட்டுவார்கள். முப்பது வீடுகள் சேர்ந்து மறுத்தால் வருபவன் அடுத்த தெருவுக்குப் போக யோசிப்பான். பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் துணிவு இல்லாதவர்களை இழிவாகப் பேசாதீர்கள். அவர்களில் பலருக்கு அந்த நோட்டு, ஐந்து ஆண்டுகளில் அரசியல் தங்கள் வாசலுக்கு வந்து கொடுத்த ஒரே பொருள். இதை எழுதும்போது எனக்கே வலிக்கிறது, ஆனால் அது உண்மை.

இனி சங்கத்துக்கு. முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். செயற்குழுவினரின் வீட்டுக்கு நிவாரணம் கடைசியாகத்தான் போகும் என்று விதி எழுதுங்கள். வந்த பொருளின் எண்ணிக்கையும் போன வீடுகளின் எண்ணிக்கையும் அன்று மாலைக்குள் தெருமுனையில், எல்லோரும் படிக்கும் பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். அறைக்கு இரண்டு பூட்டு போடுங்கள். ஒரு சாவி குழுவில் இல்லாத ஒரு பெண்ணிடம் இருக்கட்டும். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சண்டை தீர்த்து வைக்கும் அம்மா ஒருவர் எல்லாத் தெருவிலும் உண்டு, அவரிடம் கொடுங்கள். இரண்டு முறை வாங்குபவர்களைத் தடுக்க ஒழுக்க உரை தேவையில்லை, குடும்ப அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். குடிப்பவர் வீட்டுப் பொட்டலத்தை அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள். உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் கூடினால் முப்பது பேராகப் போய் உட்காருங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் ஆண்டுதோறும் தண்ணீர் நிற்பது உங்கள் மக்களின் ஒழுக்கக்கேட்டால் அன்று. வடிகாலைப் பற்றி அங்கே கேள்வி கேட்பதும் ஓர் ஒழுக்கம்தான், அதைக் கற்றுக்கொடுங்கள்.

பாய் எடுத்தவரை ஊர் நடுவில் நிறுத்திக் கேவலப்படுத்தச் சொல்லவில்லை. செயற்குழுவில் எழுத்தில் விளக்கம் கேளுங்கள், பதிவு செய்யுங்கள், பாய்களையோ அவற்றின் விலையையோ திரும்ப வாங்குங்கள். மறுத்தால் பொதுக்குழுவைக் கூட்டிப் பொறுப்பிலிருந்து நீக்குங்கள். அவர் உங்கள் பழைய நண்பராக இருக்கலாம், இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அப்படியென்றால் நாட்டைத் திருத்தும் வேலை உங்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது.

மகளிடம் பேசுங்கள். தோற்றுவிட்டேன் என்று போக வேண்டாம். சங்கத்துக்குப் புதிய விதிகளை எழுத வேண்டியிருக்கிறது, சட்டம் படித்தவர் வேண்டும் என்று சொல்லிக் காகிதத்தையும் பேனாவையும் அவளிடம் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் இரண்டாவது பூட்டை வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அரசியல் அறிவியல் ஆசிரியை